இடக்கரடக்கலும் நலச் செயலியும்: பெண்களின் சிறுநீர்க்கசிவுச் செயலிகள் எவரைச் சென்றடைகின்றன?



பெண்களுக்கு நேரும் சிறுநீர்க்கசிவும், அதற்கெனக் கைத்தொலைபேசியில் அமைந்துள்ள நலச் செயலிகளும் இன்றைய உரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருளாகும். மொழி மன்றத்தில் இதற்கு இடமுண்டா என்று அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர் வினவினார். நாம் மருத்துவர் அல்லேம். மொழியியல் பயிற்றி ஓய்வு பெற்றவர். எனினும், அச்செயலிகளை எவர் பயன்படுத்துகின்றனர், எவர் பயன்படுத்துவதில்லை என்று ஆராயப் புகுந்தால், வயது, கல்வி, வருமானம் ஆகியவற்றோடு மொழியும் ஒரு காரணமாக வந்து நிற்கிறது. ஏனைய மூன்றையும் மாற்றுவது நம் கையில் இல்லை. மொழியைப் பொறுத்தவரை நாம் செய்யக்கூடியது உண்டு. அதனைச் சொல்லவே வந்துள்ளோம்.

தமக்கையார் தேடிய சொல்

நம் தமக்கையார் எழுபது வயதைக் கடந்தவர். தமிழ்ப் பள்ளியில் பயின்றவர். நாளிதழை முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படிப்பவர். சில ஆண்டுகளுக்கு முன் அவர் திருமணங்களுக்கு வருவதை நிறுத்தினார். பின்னர் கோவிலுக்குச் செல்வதும் நின்றது. முழங்கால் வலி என்றார், நாமும் நம்பினோம். இருமும்போதும் தும்மும்போதும் சிறுநீர் கசிகிறது என்பதை அவர் இரண்டாண்டு எவரிடமும் சொல்லவில்லை. பெருவிரைவு ரயிலில் ஏறினால் அடுத்த நிலையத்தில் கழிவறை எங்குள்ளது என்னும் கவலை. கருநிறப் புடவையே உடுத்தும் வழக்கம். கைப்பையில் ஒரு மாற்றுத் துணி. இவற்றின் பொருளை நாம் பின்னரே உணர்ந்தோம்.

ஒரு நாள் அவர் தம் கைத்தொலைபேசியிடம் வாய்விட்டு வினவினார். "தண்ணி நிக்க மாட்டேங்குது" என்பதே அவர் சொன்ன சொற்றொடர். தொலைபேசி பணிவுடன் குழாய் பழுதுபார்ப்போரின் முகவரிகளை வரிசையாகக் காட்டியது. இதனை அவரே பின்னர் சிரித்துக்கொண்டு சொன்னார். சொல்லும்போது கண்கள் கலங்கியிருந்தன.

அவர் தமிழறியாதவர் அல்லர். நல்ல தமிழ் மரபின்படி, நாணத்திற்குரிய ஒன்றை வேறு சொல்லால் சுட்டினார். மனிதர் எவரும் அதனைப் புரிந்துகொண்டிருப்பர். பொறிக்கு அது புரியவில்லை.

நோயும் செயலியும்

முதலில் நோயைச் சுருக்கமாக அறிவோம். தன் விருப்பமின்றிச் சிறுநீர் கசிவதாக ஒருவர் முறையிடுவதையே பன்னாட்டு மருத்துவ அறிஞர் குழு 2002ஆம் ஆண்டு வெளியிட்ட வரையறை இந்நோய் எனக் கொள்கிறது. 'முறையிடுதல்' என்னும் சொல்லை ஊன்றி நோக்க வேண்டும். நோயாளி வாய் திறந்து சொன்னாலன்றி இந்நோய் மருத்துவக் குறிப்பேட்டில் இடம்பெறுவதில்லை.

இருமல், தும்மல், சிரிப்பு, பாரம் தூக்குதல் ஆகியவற்றால் வயிற்றில் அமுக்கம் மிகும்போது கசிவது ஒரு வகை. திடீரென்று அடக்கவியலாத உந்துதல் தோன்றி, கழிவறையை அடையுமுன் கசிவது மற்றொரு வகை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு. பிள்ளைப்பேறு, மாதவிலக்கு நின்றபின் உடலில் ஏற்படும் மாற்றம், உடற்பருமன், நாட்பட்ட மலச்சிக்கல், இருமல் ஆகியன காரணங்களுட் சில. வயது ஏற ஏற இத்தொல்லை பெருகுகிறது. முதுமையின் இயல்பு என்று பொறுத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. பெரும்பாலோர்க்கு இதனைக் குறைக்க வழியுண்டு.

முதல் வகைக்குரிய முதன்மைச் சிகிச்சை மருந்தோ அறுவையோ அன்று. இடுப்பின் அடிப்பகுதியில் சிறுநீர்ப்பையைத் தாங்கி நிற்கும் தசைகளுக்கு அளிக்கும் பயிற்சியே அது. அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கீகல் 1948இல் இதனை விளக்கி எழுதினார்; அவர் பெயராலேயே இப்பயிற்சி உலகெங்கும் அறியப்படுகிறது. நாள்தோறும் மூன்று வேளை, வேளைக்குக் குறைந்தது எட்டு முறை தசையைச் சுருக்கி விரித்தல், அதனை மூன்று மாதம் விடாது செய்தல் என்பது இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டி நெறி கூறும் அளவு.

கருவியும் செலவும் வேண்டாத பயிற்சி இது. விளக்கமும் நினைவூட்டலும் போதும். ஆகவே செயலிக்கு இது மிகவும் ஏற்றது. சுவீடன் நாட்டின் உமியோ பல்கலைக்கழக ஆய்வாளர் உருவாக்கிய 'டேட்' என்னும் செயலி இத்துறையில் நன்கு ஆராயப்பட்ட ஒன்று. 'டேட்' என்பது 'நீர் ஒழுகாத, இறுக்கமான' என்று பொருள்படும் அன்றாடச் சுவீடிஷ் சொல். பானையைப் பற்றியும் கூரையைப் பற்றியும் சொல்லும் சொல்லையே செயலிக்குச் சூட்டினர். பெயரிட்டவர் மொழியுணர்வு உடையவர் என்று கருதுகிறோம். 123 பெண்கள் பங்கேற்ற ஆய்வில், மூன்று மாதம் இச்செயலியைப் பின்பற்றியோர்க்குக் கசிவு குறைந்தது என்னும் முடிவு 2017இல் வெளிவந்தது. பின்னர் இச்செயலி சுவீடிஷ் தவிர ஆங்கிலம் உள்ளிட்ட வேறு சில மொழிகளிலும் கட்டணமின்றிக் கிடைத்தது.

எவர் பயன்படுத்துகின்றனர்?

அந்த ஆய்வில் சேர்ந்தோர் எவர் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இணையத்தின் வழியே விண்ணப்பித்தவர்கள், திறன்பேசி உடையவர்கள், பெரும்பாலும் உயர்கல்வி பெற்றவர்கள். ஆய்வின் முடிவு அத்தகையோர்க்கு உறுதியாகப் பொருந்தும். எழுபது வயதுப் பாட்டிக்கும், பள்ளியிறுதியை எட்டாத தொழிலாளிப் பெண்ணுக்கும் அது அவ்வாறே பொருந்துமா என்பது வேறு வினா.

செயலி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டபின் அதனைப் பதிவிறக்கிய ஏறத்தாழ 24,600 பெண்களைப் பற்றிய மற்றோர் ஆய்வு 2021இல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்துக் கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடையளித்தோர் அவர்களுள் ஏறத்தாழ பத்தில் ஒருவரே. விடையளித்தோரில் பெரும்பான்மையோர் நலம் கண்டனர். விடையளிக்காத ஒன்பது பேர் நலமுற்று மறந்தார்களா, சலித்துக் கைவிட்டார்களா என்பதை அவ்வெண்கள் காட்டுவதில்லை. நலச் செயலிகள் அனைத்திற்கும் பொதுவான இயல்பு இது. நிலைத்து நிற்போரும் விடை எழுதுவோருமே புள்ளிவிவரத்தில் தோன்றுகின்றனர்.

அதே பல்கலைக்கழகத்தார் செயலிக்கு முன்பு செய்த ஆய்வொன்றும் நினைவுகூரத்தக்கது. 250 பெண்களை இரு குழுக்களாக்கி, ஒரு குழுவினர்க்கு இணையவழிப் பயிற்சியும் மற்றொரு குழுவினர்க்கு அஞ்சல்வழி அச்சிட்ட கையேடும் அளித்தனர். இரு குழுவினரும் குறிப்பிடத்தக்க நலம் பெற்றனர். கையேட்டிலும் செயலியிலும் பொதுவாக இருந்தது யாது? படிப்பவர்க்குத் தம் சொந்த மொழியில் தெளிவாகப் புரிந்த விளக்கமே.

இனி நம் நாட்டிற்கு வருவோம். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூர்க் குடியிருப்பாளருள் ஐந்தும் அதற்கு மேலும் வயதுடையோரில் வீட்டில் ஆங்கிலத்தை மிகுதியாகப் பேசுவோர் 48.3 விழுக்காட்டினர். பத்தாண்டுகளுக்கு முன் இது 32.3 விழுக்காடாக இருந்தது. தமிழை மிகுதியாகப் பேசுவோர் 2.5 விழுக்காட்டினர். இவ்வெண்களை வயதோடு இணைத்து நோக்குவோம். இங்கிருந்த ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியான உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987 முதல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே பயிற்றுமொழி. தமிழ்வழியில் பயின்ற இறுதித் தலைமுறைப் பெண்கள் இன்று அறுபதை ஒட்டியோ கடந்தோ உள்ளனர். சிறுநீர்க்கசிவு மிகுதியாகத் தாக்கும் வயதும் அதுவே. தேவை மிக்கோர் தமிழில் உள்ளனர். சேவை பெரிதும் ஆங்கிலத்தில் உள்ளது. இரண்டிற்கும் இடையே நிற்பவர், வீட்டில் ஆங்கிலம் பேசும் மகளும் பேத்தியும். பேத்திக்குச் செயலியை இயக்கத் தெரியும். பாட்டியிடம் அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பது தெரியாது.

மரபும் பொறியும்

அவையில் சொல்லத்தகாத சொல்லை 'அவையல் கிளவி' என்று தொல்காப்பியர் குறித்தார். நன்னூலார் தகுதி வழக்கை மூன்றாகப் பகுத்து, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்றார். 'கால் கழுவி வந்தான்' என்று ஆசிரியர் வகுப்பில் சொல்லும் எடுத்துக்காட்டு நம் அனைவர்க்கும் மனப்பாடம். ஒன்றுக்குப் போதல், வெளியே போதல், முழுகாமல் இருத்தல், வீட்டுக்குத் தூரம் என்று பெண்களின் பேச்சில் இம்மரபு இன்றும் உயிர்ப்புடன் வாழ்கிறது. இவற்றைப் பழமை என்று இகழ்வது தவறு. முகம் பார்த்துப் பேசும் இருவரிடையே இச்சொற்கள் பொருளையும் மானத்தையும் ஒருங்கே காக்கின்றன.

செயலியோ முகம் பார்ப்பதில்லை. செயலி அங்காடியில் தேடுவதற்கு முதலில் நோயின் பெயர் வேண்டும். ஆங்கிலவழிப் படித்த பெண்ணுக்கு அப்பெயர் அந்நிய மொழிச் சொல்லாக வருகிறது. அந்நியச் சொல் நாணத்தைக் குறைக்கும் என்பது மொழியியலார் பலரும் கண்ட உண்மை. நாற்பது வயது அலுவலகப் பெண் அச்சொல்லைத் தயங்காது தட்டெழுதுகிறாள். தமிழிலேயே வாழ்ந்த பெண்ணுக்குக் கிடைப்பவை இரண்டே. ஒன்று, சுற்றிவளைத்துச் சொல்லும் மரபுச் சொல்; அது பொறிக்குப் புரிவதில்லை. மற்றொன்று கொச்சைச் சொல். அது அவருக்கே கூசுகிறது. இடைப்பட்ட, நாணமும் கொச்சையும் இல்லாத சொல்லை நாம் அவருக்குத் தரவில்லை. செயலியைப் பயன்படுத்துவோரிடையே காணப்படும் வேறுபாட்டில் ஒரு பகுதி இங்கே தொடங்குகிறது என்பது நம் கருத்து.

தவறிய மூன்று சொற்கள்

கலைச்சொற்கள் இல்லாமல் இல்லை. அவை தவறான இடத்திற்கு அழைத்துச் செல்கின்றன என்பதே குறை. நம் தமக்கையார்க்கு மருந்தகம் ஒன்றில் அளிக்கப்பட்ட துண்டுப்பிரசுரத்திலிருந்து மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, 'கட்டுப்பாடின்மை'. தமிழில் 'கட்டுப்பாடு' ஒழுக்கத்தைச் சார்ந்த சொல். கட்டுப்பாடு இல்லாத பெண் என்றால் அது பழிச்சொல். ஆங்கிலக் கலைச்சொல்லுக்கும் பழங்காலத்தில் அவ்வொழுக்கப் பொருள் உண்டு; அங்கு அது தேய்ந்து மறைந்தது. நம் மொழியில் மறையவில்லை. பிரசுரத்தின் தலைப்பைப் படித்தவுடன் தமக்கையார் அதனை மடித்துப் புடவை அடுக்கின் அடியில் வைத்துவிட்டார்.

இரண்டாவது, 'அழுத்தம்'. இருமும்போது கசியும் வகைக்கு 'அழுத்தச் சிறுநீர்க் கட்டுப்பாடின்மை' என்று பெயரிட்டிருந்தனர். இரத்த அழுத்தத்திற்கு மருந்துண்பவர் அதனை எப்படிப் புரிந்துகொள்வார்? இரத்த அழுத்தம் கூடியதால் வந்த நோய் என்று எண்ணி அவர் உணவில் உப்பைக் குறைத்தார். மாத்திரையை நேரம் தவறாது விழுங்கினார். கசிவு குறையவில்லை. அவர் தோழியார் ஒருவரோ அதனை மன அழுத்தம் என்று கொண்டு, கவலையை விடுமாறு அறிவுரை கூறினார்.

மூன்றாவது, 'இடுப்புத்தளத் தசை'. குழந்தையை வைப்பது இடுப்பு. புடவையைச் செருகுவது இடுப்பு. 'இடுப்புத் தசையை இறுக்குக' என்று படிப்பவர் வயிற்றையும் தொடையையும் இறுக்குவார். வாய்மொழி விளக்கம் மட்டும் பெறும் பெண்களுள் கணிசமானோர் தவறான தசையையே சுருக்குகின்றனர் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. தவறாகச் செய்தால் மூன்று மாத உழைப்பும் வீண். 'நாலு பேர் நடுவில் காற்றுப் பிரியாமல் அடக்குவது போல உள்ளிழுத்து மேலே தூக்குங்கள். வயிறும் தொடையும் தளர்ந்திருக்கட்டும். மூச்சை அடக்க வேண்டா' என்று சொன்னால் எந்தப் பெண்ணுக்கும் புரியும். அவையல் கிளவி வந்துவிட்டது. இங்கு அது வந்தே ஆகவேண்டும்.

'சிறுநீர்க்கசிவு' என்பதைப் பொதுச்சொல்லாகவும், 'இருமல்–தும்மல் கசிவு', 'அவசரக் கசிவு' என்பவற்றை வகைப்பெயர்களாகவும் நாம் பரிந்துரைக்கிறோம். கசிவது நீர், குற்றம் எவர்மீதும் ஏறுவதில்லை. 'நீர்க்கடுப்பு' என்பதனை இதனோடு மயக்கக்கூடாது. எரிச்சலும் வலியும் காய்ச்சலும் இருந்தால், அல்லது சிறுநீரில் இரத்தம் கண்டால், செயலியைத் தேடாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒரு சொல் மயங்கினால் சிகிச்சையும் மயங்கும்.

'நீ'யும் 'நீங்க'ளும்

சொல்லோடு முன்னிலை வடிவமும் இணைந்துள்ளது. 1967இல் சுவீடனின் நலத்துறை வாரியத் தலைவராகப் பொறுப்பேற்ற புரூர் ரெக்செட், தம் ஊழியர் அனைவரையும் ஒருமை முன்னிலையால் விளிக்கப்போவதாக அறிவித்தார். அந்நாட்டில் மரியாதை வடிவங்கள் விரைந்து மறைந்ததற்கு அவ்வறிவிப்பு ஓர் அடையாளமாக நினைவுகூரப்படுகிறது. இன்று சுவீடிஷ் செயலி பதினெட்டு வயதினரையும் எண்பது வயதினரையும் ஒரே சொல்லால் விளிக்கலாம். தமிழில் அது இயலாது. 'உன் தசையைச் சுருக்கு' என்று பாட்டியிடம் ஒரு பொறி சொன்னால் அவர் அதனை அணைத்துவிடுவார். 'சுருக்கவும்' என்றால் அலுவலக அறிவிப்புப் பலகையின் தொனி வந்துவிடுகிறது. 'மெல்லச் சுருக்குங்கள், அம்மா' என்பது வீட்டின் குரல். பேச்சுக்கும் எழுத்துக்கும் இடைவெளி மிக்க நம் மொழியில், படித்தறியும் செயலியைவிடக் கேட்டறியும் செயலி மூத்தோர்க்கு உகந்தது. அதில் ஒலிக்கும் தமிழ் எத்தமிழ் என்பதைத் தீர்மானிக்கத் தமிழறிந்தோர் அங்கு அமர்ந்திருக்க வேண்டும்.

நாம் செய்யத்தக்கன

ஆசிரியர்களே, இடக்கரடக்கலைக் கற்பிக்கும் பாடவேளையில் ஒரு வினாவையும் சேர்த்துக் கேளுங்கள்: மருத்துவரிடம் இதனை எப்படிச் சொல்வாய்? எந்த அவையில் எச்சொல் தகும் என்று தெரிவதே தகுதி வழக்கின் பயன். மறைக்க மட்டும் கற்பித்தால் பாதி இலக்கணமே கற்பித்தவராவோம்.

மாணவர்களே, உங்கள் செயல்திட்டத்திற்கு ஒரு பொருள் தருகிறோம். அரசாங்கத் துண்டுப்பிரசுரம் ஒன்றின் தமிழ் வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாட்டியிடமோ அண்டை வீட்டுப் பெரியம்மாவிடமோ படித்துக் காட்டுங்கள். எந்தச் சொல்லில் அவர் முகம் மாறுகிறது, எதற்கு வேறு பொருள் கொள்கிறார் என்று குறித்து வாருங்கள். அகராதியில் கிடைக்காத செய்தி அது. பத்து மாணவர் சேர்ந்தால் ஒரு சிறு சொற்பட்டியல் உருவாகும். அதனை மொழிபெயர்ப்போரிடமும் செயலி உருவாக்குவோரிடமும் நாம் எடுத்துச் செல்லலாம்.

ஆராய்ச்சி மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். நலச் செயலிகள் பற்றிய ஆய்வில் வயது, கல்வி, வருமானம் என்று கட்டங்கள் வரையும்போது, 'எம்மொழியில் இந்நோயின் பெயரைச் சொல்வீர்?' என்றும் ஒரு கட்டம் வரையுங்கள்.

தமக்கையாரின் கதையை முடித்துவிடுகிறோம். பயிற்சி அளிக்கும் இயன்முறைச் சிகிச்சையாளர் ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றோம். அவர் சரியான தசையை அடையாளம் காட்டினார். அதன்பின் பேத்தி ஆங்கிலச் செயலி ஒன்றைத் தன் தொலைபேசியில் திறந்து, இரவுதோறும் பாட்டியின் அருகில் அமர்ந்து, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள். "பாட்டி, பிடிங்க... விடுங்க" என்பதே அவள் மொழிபெயர்ப்பு. ஐந்தாறு சொற்களுக்குமேல் அவளிடம் தமிழ் இல்லை. அவை போதுமானவையாக இருந்தன. நான்காம் மாதம் ஒரு திருமணத்திற்குத் தமக்கையார் வந்தார். பந்தி முடியும்வரை இருந்தார். முற்றும் குணமாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். கைப்பையில் மாற்றுத் துணி இன்னும் உண்டு. கழிவறை எங்கே என்று வாயிலிலேயே கேட்கும் வழக்கம் மட்டும் போய்விட்டது.

இத்தகைய பேத்தி வாய்க்காத பெண்கள் இந்நகரில் எத்தனையோ பேர். அவர்கள் தேடும்போது கிடைக்கும் வண்ணம் சொல்லை ஆக்கி வைப்பது தமிழ் கற்றவர் கடமை.